குடிநோய்: உறைவிடச் சிகிச்சையும் தொடர் ஆதரவும்

எலும்பு முறிந்தவர் மருத்துவமனையில் தங்கிக் கட்டுப் போட்டுக்கொண்டு, எலும்பு கூடியதும் வீடு திரும்புகிறார். அவருடைய சிகிச்சை ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடுகிறது. குடிநோயாளரும் மருத்துவ நிலையத்தில் ஒரு மாதம் தங்கி, உடல் தேறி, முகம் தெளிந்து வீடு திரும்புகிறார். ஆயினும் அவருடைய சிகிச்சையின் பெரும்பகுதி வீட்டு வாயிலில்தான் தொடங்குகிறது. இவ்வேறுபாட்டை அறியாமையால் குடும்பங்கள் பொருளையும், நம்பிக்கையையும், சில வேளைகளில் உயிரையுமே இழக்கின்றன.

எடுத்துக்காட்டாக, சித்தூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் மாம்பழக்கூழ் தொழிற்சாலைக் கூலியாள் ஒருவர் இருப்பதாகக் கொள்வோம். பதினைந்து ஆண்டுகளாகக் குடித்து வந்தவர். மனைவி தம் கழுத்துச் சங்கிலியை அடகு வைத்து அவரை ஓர் உறைவிட நிலையத்தில் சேர்க்கிறார். முப்பது நாள் கழித்து அவர் நலமுடன் திரும்புகிறார், வீடு மகிழ்கிறது. ஏழாம் வாரத்தில் கங்கையம்மன் ஜாத்திரை வருகிறது. கையில் கூலிப் பணம் இருக்கிறது. பழைய தோழர்கள் அழைக்கின்றனர். அன்றிரவு அவர் குடித்துவிடுகிறார். “பணமும் வீண், நாளும் வீண்” என்று உறவினர் கூறுகின்றனர். அவரும் அதையே நம்பி, மறுநாள் முதல் முன்னினும் மிகுதியாகக் குடிக்கிறார். இங்குத் தவறியது எது? சிகிச்சையா, மனிதரா, அல்லது இரண்டுக்கும் இடையே இருந்திருக்க வேண்டிய வேறொன்றா? இப்பாடம் இவ்வினாவிற்கு விடை காண முயல்கிறது.

சித்தூர் தரும் படிப்பினை

மதுவிலக்கு வரலாற்றில் சித்தூர் மாவட்டத்திற்குத் தனியிடம் உண்டு. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாளன்று சென்னை மாகாணத்தில் ராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்திற்று. அடுத்த ஆண்டிலேயே சித்தூரும் கடப்பையும் அதனுடன் சேர்க்கப்பட்டன. 1948-இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு வந்தது. 1953-இல் சித்தூர் புதிய ஆந்திர மாநிலத்தின் பகுதியாயிற்று. மறு ஆண்டு நவம்பரில் மதுவிலக்குப் பற்றிய பூசலிலேயே பிரகாசம் அமைச்சரவை பதவி இழந்தது. 1992-இல் நெல்லூர் மாவட்டத்துத் தூபகுண்டா கிராமத்தில் எழுத்தறிவு வகுப்பில் படித்த பெண்கள் சாராயக் கடையை எதிர்த்து எழுந்தனர். அக்கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவிற்று. 1993-இல் சாராயம் தடை செய்யப்பட்டது. 1995-இல் முழு மதுவிலக்கு வந்தது. 1997-இல் அது தளர்த்தப்பட்டது. 2019-இல் சில்லறை மதுக்கடைகள் அரசின் கைக்கு வந்தன. 2024-இல் மீண்டும் தனியாரிடம் சென்றன.

இவ்வரலாறு கள ஊழியருக்கு ஓர் உண்மையைப் புலப்படுத்துகிறது. சட்டம் கடையைத் திறக்கலாம், மூடலாம். புதியவர்கள் குடியில் விழுவதைக் குறைக்கலாம். ஆனால் ஏற்கெனவே நோயுற்றுவிட்டவர், கடை திறந்திருக்கும் நாளிலும் நோயாளரே, மூடியிருக்கும் நாளிலும் நோயாளரே. 2020-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் இறுதியில், தொற்றுக்கால ஊரடங்கினால் மது கிட்டாத வேளையில், பிரகாசம் மாவட்டத்துக் குறிச்சேடு என்னும் ஊரில் கை கழுவும் கிருமிநாசினியைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீங்கு அறியாமல் அவர்கள் அதனைக் குடித்தனர் என்று கூறுதல் பொருந்தாது. மது இன்றி இருக்க இயலாத உடல்நிலை அவர்களை அதற்குத் தள்ளியது. கடை மூடும்போது மருத்துவத்தின் கதவு திறந்திருத்தல் வேண்டும் என்பதே இதன் படிப்பினை.

அக்கதவு எவ்வளவு குறுகியது என்பதை மத்திய சமூக நீதி அமைச்சகத்திற்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-இல் வெளியிட்ட தேசிய ஆய்வு காட்டுகிறது. நாட்டில் மதுவுக்கு அடிமைப்பட்டோருள் 38 பேரில் ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றனர். 180 பேரில் ஒருவரே மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெற்றனர். மதுவினால் கேடுறுவோர் நூற்றுக்குப் பத்துக்கு மேற்பட்டிருந்த சில மாநிலங்களுள் ஆந்திரப் பிரதேசமும் ஒன்று.

நோயின் இயல்பு

மது மூளையின் செயலைத் தணிக்கும் பொருள். சரிவில் இறங்கும் வண்டிக்கு முட்டுக்கட்டை போடுவது போன்றது அதன் வேலை. நாள்தோறும் முட்டுக்கட்டை விழுவதை உணர்ந்த மூளை, அதனை எதிர்த்து நரம்புகளை மேலும் மேலும் முடுக்கிவிடப் பழகிக்கொள்கிறது. பல ஆண்டுகள் இவ்வாறு கழிந்தபின் முட்டுக்கட்டையைத் திடீரென்று எடுத்துவிட்டால், முடுக்கம் மட்டும் எஞ்சி நிற்க, வண்டி தறிகெட்டு ஓடுகிறது.

குடியை நிறுத்திய ஆறு மணி முதல் ஒரு நாளுக்குள் கை நடுக்கம், வியர்வை, குமட்டல், உறக்கமின்மை ஆகியன தோன்றுகின்றன. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு உண்டாகிறது. இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையே சிலர் நாளும் இடமும் அறியாமல் பிதற்றுகின்றனர், இல்லாத பூச்சிகளைக் கண்டு அஞ்சுகின்றனர், உடல் கொதிக்கிறது. மக்கள் இதனை ஜன்னி என்பர். உரிய சிகிச்சையின்றி விட்டால் இந்நிலை உயிரைப் பறிக்கக்கூடும்.

திருப்பதி வட்டாரத்துப் பணியாளர் இதனைச் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும். மது, புகையிலை, புலால் ஆகியன தடை செய்யப்பட்ட திருமலைக்கு நடந்து ஏறுவோருள், “இன்றோடு குடியை விட்டேன்” என்று நேர்ந்துகொள்வோர் உண்டு. மாலை அணிந்து விரதம் தொடங்குவோரும் உண்டு. அந்த உறுதி மதிப்பிற்குரியது. மனமாற்றத்திற்கு அது நல்ல தொடக்கம். ஆயினும் காலையில் எழுந்ததும் கை நடுக்கம் தீரக் குடிப்பவரும், முன்பு வலிப்புக் கண்டவரும் மருத்துவரைக் கண்ட பின்னரே நிறுத்த வேண்டும். நேர்த்திக் கடனும் மருத்துவமும் ஒன்றற்கொன்று பகையல்ல.

மற்றுமோர் எச்சரிக்கை: சோர்ந்து வந்த குடிநோயாளருக்கு உடனே குளுக்கோஸ் ஏற்றுவது சிறு மருத்துவ நிலையங்களில் வழக்கம். நெடுங்காலம் குடித்தவரின் உடலில் தயமின் என்னும் பி-1 வைட்டமின் வற்றியிருக்கும். அதனை முன்னர்க் கொடாமல் குளுக்கோஸ் ஏற்றினால், மூளையில் நிலையான கேடு நேரிடக்கூடும். நினைவாற்றல் அழியவும் கூடும். நோயாளரின் குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காமல் கூறுமாறு குடும்பத்தாருக்கு எடுத்துரைத்தல் கள ஊழியரின் கடமை.

உறைவிடச் சிகிச்சை யாருக்கு? எதற்காக?

குடிநோயாளர் எல்லோரும் மருத்துவ நிலையத்தில் தங்க வேண்டுவதில்லை. நோய் மிதமாக இருந்து, வீட்டில் துணையும் அருகில் மருத்துவரும் இருப்பின், வெளிநோயாளராகவே நலம் பெறுவோர் பலர். முன்பு வலிப்போ ஜன்னியோ கண்டவர், கல்லீரல் அல்லது இதய நோயுடையவர், தற்கொலை எண்ணம் உடையவர், பிற போதைப் பொருள்களையும் சேர்த்துப் பயன்படுத்துவோர், வீட்டில் பலமுறை முயன்றும் நிறுத்த இயலாதவர் ஆகியோருக்கே உறைவிடம் இன்றியமையாதது.

உறைவிடத்தில் இரண்டு வேலைகள் நடைபெறுகின்றன. முதலாவது நச்சுநீக்கம். டயஸிபாம் போன்ற மருந்துகளால் நரம்புகளின் முடுக்கத்தைத் தணித்து, ஒரு வாரம் பத்து நாட்களில் மருந்தைப் படிப்படியாகக் குறைப்பர். கல்லீரல் நலிந்தவர்க்கு லோரஸிபாம் பொருந்தும். இரண்டாவது, மனத்தையும் பழக்கங்களையும் செப்பனிடுதல். எப்பொழுது, எவரோடு, எந்த மனநிலையில் குடிக்கிறோம் என்பதை நோயாளர் தாமே கண்டறிகிறார். மறுக்கும் முறையைப் பயில்கிறார். குடும்பத்தாரும் உடனிருந்து கற்கின்றனர். முதல் வேலையை மட்டும் முடித்து வீட்டுக்கு அனுப்புதல், நிலத்தைக் களையெடுத்து விதையாமல் விடுவதை ஒக்கும்.

குடும்பத்தை உடன் வைத்துக்கொள்ளும் முறைக்கு அண்டையிலேயே நெடிய மரபு உண்டு. சித்தூரிலிருந்து எளிதில் சென்று வரத்தக்க வேலூரில், கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மனநல மையம் 1957-இல் பாகாயத்தில் தொடங்கப்பெற்றது. நோயாளருடன் உறவினர் ஒருவரும் தங்க வேண்டும் என்பது அதன் சிறப்பு நெறி. திருப்பதியில் ஸ்ரீ வேங்கடேசுவரா மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த ரூயா அரசு பொது மருத்துவமனை உள்ளது. எல்லைப்புறத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் மக்கள் இரு மாநில மருத்துவமனைகளையும் நாடுகின்றனர். இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஒரு மாநிலத்தில் சிகிச்சை பெற்றவர் மறு மாநிலத்து ஊருக்குத் திரும்பும்போது, அவரைத் தொடர்ந்து பார்க்கும் பொறுப்பு இருவரிடையே நழுவிவிடுகிறது. ஆகையால் விடுவிப்புச் சீட்டின் படியைப் பெற்று உள்ளூர் ஆரம்பச் சுகாதார நிலையத்தில் சேர்ப்பித்தல் கள ஊழியரின் முதற்பணியாகும்.

மதனப்பள்ளி தரும் ஒப்புமை

அக்காலத்தில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த மதனப்பள்ளிக்கு அருகே, ஆரோக்கியவரத்தில் 1915-இல் காசநோய்ச் சானடோரியம் ஒன்று நிறுவப்பெற்றது. டேனிய மருத்துவர் கிறிஸ்டியன் ஃபிரிமொட்-மொல்லர் தலைமையில் அது தென்னாடெங்கும் புகழ் பெற்றது. நல்ல காற்று, ஓய்வு, ஊட்டமான உணவு, மாதக்கணக்கில் தங்குதல் ஆகியவையே அன்றைய மருத்துவம். பின்னர் மருந்துகள் வந்தன. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரைச் சானடோரியத்திலும் மறு பிரிவினரை அவர்களுடைய ஏழை வீடுகளிலுமே வைத்து ஒரே மருந்தைக் கொடுத்துப் பார்த்தது. 1959-இல் வெளியான முடிவு உலகையே வியக்கச் செய்தது: வீட்டுச் சிகிச்சை சானடோரியச் சிகிச்சைக்கு ஏறக்குறைய நிகராகவே இருந்தது.

இம்முடிவை மேலெழுந்தவாறு படித்தல் கூடாது. வீட்டில் இருந்தோர் தாமாகவே நலம் பெற்றுவிடவில்லை. ஊழியர்கள் முன்னறிவிப்பின்றி வீடு சென்று மாத்திரைகளை எண்ணினர். மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று சோதித்தனர். வராதவரைத் தேடிச் சென்றனர். கட்டிலின் இடத்தைக் கவனிப்பு எடுத்துக்கொண்டது. காசநோய்க்கும் குடிநோய்க்கும் வேறுபாடு பல. குடிநோய்க்குக் கிருமியைக் கொல்லும் மருந்து போன்ற ஒன்று இல்லை. ஆயினும் நெடிய நோயில் நோயாளர் எங்கே படுத்திருந்தார் என்பதைவிட, எவ்வளவு காலம் எவ்வளவு ஒழுங்காகப் பின்தொடரப்பட்டார் என்பது பெரிது என்னும் உண்மை இரண்டிற்கும் பொது.

ஊரிலேயே ஒரு முகாம்

இவ்வுண்மையைக் குடிநோய்க்குப் பொருத்திக் காட்டிய முயற்சி தமிழ்நாட்டிலேயே உண்டு. கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் டி. டி. ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தைத் தொடங்கினார். நகரத்து மருத்துவமனைக்கு வர இயலாத சிற்றூர் மக்களுக்காக, 1989 முதல், இன்றைய திருவாரூர் மாவட்டத்து மஞ்சக்குடியில் பதினைந்து நாள் முகாம்கள் நடத்தப்பெற்றன. மருத்துவர், நர்சு, ஆலோசகர் ஆகியோர் ஊருக்கே வந்து தங்கினர். ஊரார் துணை நின்றனர். குடும்பத்தாரும் பயிற்சியில் பங்கு கொண்டனர்.

இம்முறையின் பயன் செலவுக் குறைவு மட்டுமன்று. நகரத்து நிலையத்தில் ஒருவர் குடியை விடுவது ஊராருக்குத் தெரியாது; திரும்பியதும் பழைய கண்ணோடுதான் அவரைப் பார்ப்பர். ஊர் நடுவே, ஊரார் துணையோடு ஒருவர் மருத்துவம் பெறும்போது, ஊரே அச்சிகிச்சைக்குச் சாட்சியாகிறது. பின்னர் அவரை நலம் விசாரிப்பதும், பந்தியில் மது வைக்காதிருப்பதும் ஊரின் பொறுப்பாகின்றன. ஒரே ஊரிலிருந்து பலர் சேர்ந்து சிகிச்சை பெறுவதால், அவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகவும் ஆகின்றனர்.

திரும்பிய பின்

1971-இல் ஹண்ட் என்பாரும் அவருடன் உழைத்தோரும் மது, ஹெராயின், புகையிலை ஆகிய மூன்றையும் விட்டோரை ஆராய்ந்தனர். மூன்றிலுமே, மீண்டும் பழக்கத்திற்குத் திரும்பியோருள் பெரும்பாலோர் முதல் மூன்று மாதங்களுக்குள்ளேயே திரும்பியிருந்தனர். ஆகவே காவல் மிகுதியாக வேண்டப்படுவது இம்மூன்று மாதங்களிலேதான். இக்காலத்தில் நோயாளரின் உறக்கம் இன்னும் சீர்ப்படாது. எளிதில் சினம் வரும். காரணமின்றிச் சோர்வு வரும். மூளை பழைய நிலைக்கு மீள மாதங்கள் பிடிக்கும். “குடித்தபோதே நன்றாக இருந்தார்” என்று குடும்பத்தார் சலித்துக்கொள்வதும் இப்போதுதான்.

வீட்டு வருகையை ஏறக்குறைய இவ்வாறு வகுத்துக்கொள்ளலாம்: திரும்பிய முதல் வாரத்திற்குள் ஒரு முறை, முதல் மாதம் வாரந்தோறும், அடுத்த இரண்டு மாதம் இரு வாரங்களுக்கு ஒரு முறை, அதன்பின் ஆண்டு நிறைவு வரை மாதந்தோறும். ஒவ்வொரு வருகையிலும் ஐந்து செய்திகளைக் கேட்டறிய வேண்டும்: உறக்கம், மருந்து, கையிலுள்ள பணம், பழகும் தோழர், அடுத்து வரவிருக்கும் கடினமான நாள். “குடித்தீர்களா?” என்று தொடங்கினால் உரையாடல் அங்கேயே முடிந்துவிடும். “அண்ணா, இந்த வாரம் எந்த நாள் கஷ்டமாக இருந்தது?” என்று கேட்டால் அவர் வாய் திறப்பார்.

கடினமான நாட்கள் ஊருக்கு ஊர் வேறுபடும். சித்தூர்ப் பகுதியில் மாம்பருவக் கூலி கைக்கு வரும் நாள், கரும்பு வெட்டி வெல்லம் காய்ச்சி விற்ற நாள், சங்கராந்தி, ஜாத்திரை, திருமணம், இழவு வீடு ஆகியன பொதுவாக அத்தகையவை. ஊழியர் நோயாளரோடு அமர்ந்து ஆண்டின் நாட்காட்டியில் அவற்றைக் குறித்து, அந்நாட்களில் எங்கே இருப்பது, யாருடன் இருப்பது, பணத்தை யாரிடம் கொடுத்து வைப்பது என்று முன்னரே முடிவு செய்ய வேண்டும். அவர் சம்மதத்தோடு செய்யப்படும் ஏற்பாடே நிலைக்கும்.

மருந்துகளைப் பற்றியும் சிறிது அறிந்திருத்தல் நன்று. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் ஆகியன குடிக்கும் வேட்கையைக் குறைக்கின்றன. கோபன்ஹேகன் ஆராய்ச்சியாளர்கள் 1948-இல் வெளிப்படுத்திய டைசல்பிரம் வேறு வகையானது. அதனை உண்டவர் மது அருந்தினால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தியெடுத்து, இரத்த அழுத்தம் தாழும். அதன் வீரியம் மருந்தை நிறுத்திய பின்னும் இரண்டு வாரம் வரை நீடிக்கலாம். இம்மருந்தை உணவில் கலந்து நோயாளர் அறியாமல் கொடுப்பது ஆபத்து. அதனால் உயிரிழப்பும் நேரலாம். மதுச்சத்து உள்ள அரிஷ்டங்களும் சில இருமல் மருந்துகளும் இதனோடு ஒவ்வா என்பதையும் வீட்டாரிடம் கூற வேண்டும்.

ஒரே துன்பத்தை உடையோர் கூடிப் பேசும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ இயக்கம் 1935-இல் அமெரிக்காவில் தோன்றி, 1957 முதல் இந்தியாவிலும் இயங்கி வருகிறது. அதில் கட்டணம் இல்லை, பெயர் வெளியிடப்படுவதில்லை. அருகில் அத்தகைய குழு இல்லையெனில், குடியை விட்ட இருவரை வாரம் ஒரு முறை சந்திக்கச் செய்வதே ஒரு குழுவின் தொடக்கம்.

வழுக்கலும் வீழ்ச்சியும்

ஒரு முறை குடித்துவிடுதல் வழுக்கல்; பழைய வாழ்வுக்கே திரும்பிவிடுதல் வீழ்ச்சி. வழுக்கியவரை வீழ்ச்சியில் தள்ளுவது பெரும்பாலும் மதுவைவிட, “இனி என்னால் ஆகாது” என்னும் எண்ணமே. 2000-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவச் சங்க ஏட்டில் மக்லெல்லன் முதலியோர் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டனர். போதை நோய்களில் மீண்டும் நோய் தலைதூக்குவது நூற்றுக்கு 40 முதல் 60 வரை. இரத்த அழுத்தத்திலும் ஆஸ்துமாவிலும் அது 50 முதல் 70 வரை. இரத்த அழுத்தம் மீண்டும் ஏறியவரை நாம் ஏசுவதில்லை, மருந்தைச் சரிபார்க்கிறோம். குடிநோயாளருக்கும் அந்நீதியே உரியது.

வழுக்கல் நேர்ந்தால் ஒரு நாளுக்குள் அவரைக் காண வேண்டும். தொடர்ந்து சில நாள் குடித்திருப்பின் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ஹெராயின் போன்ற அபினி இனப் பொருள்களை விட்டு வந்தவர் திறத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. உறைவிடத்தில் இருந்த நாட்களில் உடல் தாங்கும் ஆற்றலை இழந்துவிடுவதால், பழைய அளவையே மீண்டும் எடுப்பின் மூச்சு நின்று இறக்கக்கூடும்.

மனைவி மக்களுக்கு அடி உதை நேரும் வீட்டில், அவர்களுடைய பாதுகாப்பே முதற் கவலை. பொறுமை காட்டும்படி மனைவிக்கு உபதேசித்தல் ஊழியரின் வேலையன்று. 181 என்னும் மகளிர் உதவி எண்ணை அவருக்குத் தெரிவித்தல் வேண்டும்.

நிலையத்தைத் தேர்ந்தெடுத்தல்

குடும்பத்தாரின் தவிப்பைப் பயன்படுத்தி, பூட்டி வைத்தும் அடித்தும் “திருத்தும்” இடங்கள் உண்டு. 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாள் ஏர்வாடியில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தப்ப இயலாமல் மாண்டதைத் தமிழ் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2018 மே முதல் நடைமுறையிலுள்ள 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவாலும் போதைப் பொருளாலும் உண்டாகும் மனநலக் கேடுகளையும் தன் எல்லைக்குள் கொண்டுள்ளது. சங்கிலியிடுதலை அறவே தடை செய்கிறது.

ஒரு நிலையத்தில் சேர்க்குமுன் கேட்க வேண்டியவை வருமாறு: அது முறையாகப் பதிவு பெற்றதா? மருத்துவர் நாள்தோறும் வருகிறாரா? இரவில் வலிப்பு வந்தால் என்ன செய்வர்? குடும்பத்தார் வந்து பார்க்கவும் தொலைபேசியில் பேசவும் இயலுமா? கட்டணம் எழுத்தில் தரப்படுமா? வீடு திரும்பிய பின் எத்தனை முறை வரச் சொல்வர்? இறுதி வினாவிற்கு விடை கூறாத நிலையம் பாதிச் சிகிச்சையே தருகிறது. மத்திய அரசின் 14446 என்னும் போதை மீட்பு உதவி எண்ணிலும், 14416 என்னும் மனநல உதவி எண்ணிலும் கட்டணமின்றி வழி கேட்கலாம்.

ஆசிரியரின் பங்கு

குடிநோய் முதலில் வெளிப்படும் இடங்களுள் பள்ளியும் ஒன்று. இரவெல்லாம் விழித்திருந்த குழந்தை வகுப்பில் உறங்குகிறது; வீட்டுப் பாடம் எழுதாமல் வருகிறது; திடீரெனச் சினம் கொள்கிறது. அக்குழந்தையை வகுப்பின் முன் காரணம் கேட்டலாகாது. தனியே அழைத்து, “உன் மேல் தவறில்லை” என்று கூறும் ஒரு சொல்லே அதற்கு மருந்தாகும். தந்தை குடித்தாரா என்று குழந்தையிடம் உளவு கேட்பதும், அதன் வழியே தந்தைக்கு அறிவுரை சொல்லி அனுப்புவதும் தகா. தந்தை சிகிச்சை பெற்றுத் திரும்பிய வீட்டில், குழந்தையின் படிப்பைப் பற்றி அவரை அழைத்துப் பேசுதல் நல்லது; குடும்பத் தலைவர் என்னும் மதிப்பை அவருக்கு மீட்டுத் தரும் எளிய வழி அது. தூபகுண்டாவின் பெண்கள் எழுத்தறிவு வகுப்பிலிருந்தே எழுந்தனர் என்பதை ஆசிரியர்கள் நினைவிற் கொள்வார்களாக.

முடிவுரை

தொடக்கத்தில் கூறிய தொழிலாளியிடம் மீண்டும் வருவோம். அவருடைய முப்பது நாள் வீணாகவில்லை; நச்சு நீங்கிற்று, உடல் தேறிற்று. தவறியது அதற்குப் பின்வந்த ஏழு வாரங்களில் ஒருவரும் அவர் வீட்டுப் படியேறாமை. ஜாத்திரை எந்நாளில் வரும் என்பது ஊரறிந்த செய்தி. அதற்கு முந்திய வாரம் ஊழியர் ஒருவர் சென்று பேசியிருப்பின், அன்று அவர் மனைவியின் தாய்வீட்டில் இருந்திருக்கலாம். அல்லது குடித்தேயிருப்பினும், மறுநாள் காலை ஒருவர் வந்து, “நேற்று ஒரு நாள் போயிற்று, இன்று மருத்துவரிடம் போய் வருவோம், வாருங்கள்” என்று கூறியிருக்கலாம். உறைவிடக் கட்டில் 180 பேரில் ஒருவருக்கே கிட்டுகிறது. இச்சொல்லை எல்லோருக்கும் கொண்டு சேர்க்க இயலும்.

கலந்தாய்வுக்குரிய வினாக்கள்

1. உங்கள் பகுதியில் குடியைத் திடீரென நிறுத்தியதால் வலிப்போ ஜன்னியோ கண்டவர் உண்டா? அவருக்கு முதலில் என்ன உதவி கிடைத்தது?

2. உங்கள் ஊரில் ஆண்டின் கடினமான நாட்கள் எவை? அவற்றை மாத வாரியாகப் பட்டியலிடுக.

3. மதனப்பள்ளிச் சானடோரியமும் சென்னை வீட்டுச் சிகிச்சை ஆய்வும் குடிநோய்ப் பணிக்கு எவ்வெவ்வகையில் பொருந்துகின்றன? எவ்வகையில் பொருந்தவில்லை?

4. உறைவிடத்திலிருந்து அண்மையில் திரும்பிய ஒருவருக்கு முதல் மூன்று மாத வருகைத் திட்டம் ஒன்றை வகுக்க.